ஜெயஷீலா மாநாட்டில் சொன்ன கதை

ஜெயஷீலா நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாராவது அவளைத் தூற்ற வந்தால் என்னிடம்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பதினாறு வருடமாக ஒரே ஸ்கூட்டியில் அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக விளாத்திகுளம் பக்கம் சுற்றாத காடு கரை இல்லை. படிப்பை விட்ட பிள்ளைகள், வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கல்யாண வயது வராமலே வீட்டார் தாலி கட்டவைக்கப் பார்க்கிற பிள்ளைகள் என்று தேடிப் போவதுதான் எங்களுக்கு வேலை. காய்ச்சலோடு வெயிலில் போய் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயே மயங்கி விழுந்தவள் அவள். ஒரே ஒரு குறை. மைக்கைக் கொடுத்தால் விடமாட்டாள்.

எங்களைப் போன்ற குழந்தைகள் நலப் பணியாளர்களுக்கு வருடத்துக்கு ஒரு மாநாடு நடக்கும். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிப்பார்கள். கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு பை, பைக்குள் எழுதாத ஒரு பேனா. காலையில் பெரியவர்கள் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், பாதிப் பேர் தூங்குவோம். டீக்குப் பிறகு ‘அனுபவப் பகிர்வு’. அது ஜெயஷீலாவின் நேரம்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்த பிரித்திகாவின் கதையைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. அம்மா வள்ளிமயில், முப்பது தாண்டிய தன் தம்பிக்கே மகளைக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் போலீசோடு போய் நின்றோம். பிள்ளையின் அப்பா மாரிச்சாமி அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். “எவம்லே போன் போட்டது? அவன் தல இருக்காது!” என்று குதித்தார். ஜெயஷீலா அசையவில்லை. பிள்ளையைக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தோம். மேடையில் அந்த அரிவாள் வரும் இடத்தில் ஒரு நிறுத்து நிறுத்துவாள் பாருங்கள், எட்டயபுரத்திலிருந்து வந்த பணியாளர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள்.

அவள் சொல்லாதது ஒன்று உண்டு. எங்களுக்குப் போன் போட்டதே மாரிச்சாமிதான்.

மிளகாய்க் காட்டில் நின்று பேசினார். ஜெயஷீலா வண்டியை ஓரங்கட்டி ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். “எம்மவ படிக்கணும்மா. மச்சினனுக்கு முறை இருக்கு. நான் மாட்டேன்னா குடும்பம் ரெண்டாப் போயிரும். நீங்க வந்து தடுங்க. நான் சத்தம் போடுவேன், கண்டுக்கிடாதீங்க. நான்தான் சொன்னேன்னு ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாது.”

தகவல் கொடுத்தவர் பேரை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். சரி, பேரைச் சொல்ல வேண்டாம். அரிவாளையும் சொல்லாமல் இருந்திருக்கலாமே! வருடத்துக்கு வருடம் அது நீண்டுகொண்டே போயிற்று. போன மாநாட்டில் மாரிச்சாமி குடித்துவிட்டு வந்ததாக வேறு சேர்த்துக்கொண்டாள். அந்த மனுஷன் வெற்றிலைகூடப் போடமாட்டார். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நானும் சேர்ந்து தட்டினேன், பாவி.

பிரித்திகாவுக்கு அம்மா மேல் இருந்த கோபம் நாளாவட்டத்தில் ஆறிவிட்டது. அரிவாள் தூக்கிய அப்பா மேல் ஆறவே இல்லை. அம்மாவோடு பேசும்போது அவர் போனை வாங்கினால் உடனே வைத்துவிடுவாள். போன கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் பேச முடியாமல் போனது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

இந்த வருட மாநாட்டில் பிரித்திகாவையே மேடையேற்றினார்கள். சமூகப்பணிப் படிப்பில் கடைசி வருடம். கணீரென்று பேசினாள். “ஜெயஷீலா அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். நானே கண்ணால பாத்தேன். அப்பா செத்தப்ப எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அதுக்காக நான் வெக்கப்படல.”

எல்லாரும் தட்டினார்கள். ஜெயஷீலா தட்டவில்லை. அவளுக்கு முகம் செத்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் இலையைத் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “போய்ச் சொல்லுட்டி” என்றேன்.

“பேரச் சொல்லக் கூடாதுல்லா, சொர்ணம்.”

“செத்தவருக்கு என்னட்டி ரகசியம்? உயிரோட இருக்கவ அப்பன வெறுத்துக்கிட்டுத் திரியுதா. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?”

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிரித்திகாவை நிறுத்தி ஜெயஷீலா எல்லாவற்றையும் சொன்னாள். மிளகாய்க் காட்டிலிருந்து வந்த போன், சத்தம் போடுவேன் என்று அவர் முன்கூட்டியே சொன்னது, எதையும் விடவில்லை. அந்தப் பிள்ளை அழும் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வந்தியளே அக்கா. நான் வாசல்லதான நின்னேன். அப்பமாவது சொல்லிருக்கலாம்லா?”

ஜெயஷீலா சட்டம், விதி என்று ஏதோ ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“பொய் சொல்லுதேன், பிள்ள. சட்டம் இல்ல. சொல்லிட்டா அந்தக் கத எனக்கு இல்லாமப் போயிரும். ஆஸ்பத்திரியில உங்கப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு, நல்லா இருந்த கையால வாசலக் காட்டினாரு. உங்கிட்டச் சொல்லச் சொல்லுதாருன்னு எனக்குப் புரிஞ்சுது. புரியாத மாதிரி வந்துட்டேன்.”

பிரித்திகா ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

“என்னத்தான் உள்ள கூப்பிடுதாருன்னு நெனச்சேன் அக்கா” என்றாள். “மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அவரு பாத்துட்டாரு.”