ஒடைக்கிற அண்ணனின் கடைவாய்ப் பல்

அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் பல்லைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் உடைக்கச் சம்பளம் வாங்கினார். மாணவர்கள் அவரை ‘ஒடைக்கிற அண்ணன்’ என்றார்கள்.

பிடுங்கிய பற்களில், சொத்தைக்குக் குடைவதுபோல் குழி தோண்டி, அடைத்து, நம்பர் ஒட்டி ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவருவார்கள். அண்ணன் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் நிறுத்தி, மேலிருந்து எஃகுக் குண்டை இறக்குவார். ‘டக்’. எந்த எடையில் உடைந்தது என்று நோட்டில் எழுதுவார். பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்ததில் தலையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அவர் கண்டறிந்தது இவ்வளவுதான்: பல்லின் முன்னும் பின்னும் உள்ள விளிம்புகள் நிற்கும்வரை பல் நிற்கும். இரண்டையும் வெட்டிவிட்டால், எத்தனை அழகாக அடைத்தாலும் அது பழைய பல் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் வாய் விளிம்பை வெட்டிய காகித டம்ளரை அமுக்கிப் பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்டவருக்கு வலது கீழ்க் கடைவாயில் சொத்தை. ஏழு மாதமாக இடது பக்கமே மென்றார்.

“மாடுகூடப் பக்கம் மாத்தி மெல்லும். பயமாங்க?” என்றாள் மனைவி.

“பயமில்ல. எனக்கு விவரம் தெரியும்.”

“அதைத்தான் நானும் பயம்னு சொல்றேன்.”

கடைசியில் ஒருநாள் கல்லூரியின் சிகிச்சை நாற்காலியிலேயே போய்ச் சாய்ந்தார். வந்த டாக்டரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். போன வருஷம் இந்தப் பெண் கொடுத்த நாற்பது பற்களையும் அவர்தான் உடைத்தார். அதில் பாதி, நல்ல பல் தாங்குவதில் பாதிகூடத் தாங்காமல் இரண்டாகப் பிளந்தன.

“எங்கண்ணே கிளம்பிட்டீங்க?”

“வேற டாக்டர் யாராவது…”

“எல்லாரும் லீவு. ஏன், நான் ஆகாதா?”

“தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க நாப்பது பல்லையும் பார்த்தவன் நான். இருபதுல நீங்க குழியா தோண்டியிருந்தீங்க? வாய்க்கால் வெட்டியிருந்தீங்க.”

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். “அது வேணும்னே வெட்டினதுண்ணே. இருபது அகலம், இருபது குறுகல். எது எவ்வளவு தாங்குதுன்னு பார்க்கத்தானே ஆராய்ச்சி? உடைக்கிறவருக்கு எது எதுன்னு தெரியக்கூடாதுன்னுதான் வெறும் நம்பர் ஒட்டறோம்.”

“வேணும்னே வெட்டறது எல்லாருமேவா?”

“எல்லாருமேதான்.”

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். உடைந்த பல்லை வைத்தே கை சரியில்லாதவர் என்று பதினோரு டாக்டர்களை அவர் தள்ளிவைத்திருந்தார். மச்சான், மாமியார், எதிர்வீட்டுக்காரர் யாரையும் அவர்கள் பக்கம் அண்டவிட்டதில்லை. பதினோரு பேரில் ஒருவர் இப்போது கல்லூரி முதல்வர்.

“அப்ப நான் அகலமா, குறுகலா?”

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். “சொத்தை நடுவுல இருக்கு. விளிம்பு ரெண்டையும் தொடமாட்டேன். இன்னும் கொஞ்ச மாசம் விவரமாவே இருந்திருந்தீங்கன்னா, நான் வெட்டவே வேண்டாம், சொத்தையே ஒரு விளிம்பைத் தின்னுருக்கும். வாயைத் திறங்க.”

திறந்தார். பேச வழியில்லாததால் விரலிடுக்கில் மில்லிமீட்டர் காட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் அந்தக் கையை எடுத்து, அவர் தொடைக்கடியில் செருகிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் மனைவி வறுத்த வேர்க்கடலையை நீட்டினாள். அண்ணன் ஒன்றை எடுத்து, ஏழு மாதத்துக்குப் பிறகு வலது பக்கம் வைத்துக் கடித்தார்.

‘டக்’.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கை தானாகப் பேனாவைத் தேடியது.

“அது கடலைங்க,” என்றாள் மனைவி, நிமிராமலே.

அண்ணன் நாக்கால் முன் விளிம்பைத் தடவினார். பின் விளிம்பைத் தடவினார். இரண்டும் இருந்தன. இன்னொரு கடலையை எடுத்து, அதையும் வலது பக்கமே போட்டுக்கொண்டார்.