நோபால் சொன்னவர்

அந்த வருஷம் எங்கள் கரமனைத் தெரு கிரிக்கெட் டீம் முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. "புது பௌலரோட வேகத்தைப் பார்த்தேளா? இனி அவன்தான் நமக்குக் கதி" என்று ஆற்றங்கரையில் தினமும் பேசிக்கொள்வோம். எல்லோரையும் விட உரக்கப் பேசுகிறவர் எங்கள் அம்பயர். பௌலர் அவருடைய மருமான். அப்போதெல்லாம் அந்தந்தக் கட்சியே ஓர் அம்பயரைக் கொண்டுவரும்.

ஒட்டிய கன்னம், நெற்றி நிறைய விபூதி, பஞ்சகச்சத்தின் மேல் வெள்ளைக் கோட்டு. பந்துக்கு ஒரு புளியங்கொட்டையாகப் பை மாற்றிப் போட்டு எண்ணுவார்.

நான்காவது ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரே விக்கெட் பாக்கி, மூன்று ரன் வேண்டும். மருமான் போட்ட பந்தில் நடு ஸ்டம்பு பறந்தது. துள்ளிக் குதித்தோம். ஆனால் பந்து கையை விட்டபோதே "நோபால்!" என்று அவர் கத்தியிருந்தார். அடுத்த பந்து பவுண்டரி. தோற்றோம்.

"ஓய், சொந்த அக்கா பிள்ளை! கால் அரை அங்குலம் கோட்டைத் தாண்டினதுக்குக் கண்ணை மூடிக்கப்படாதோ?" என்றேன் ஆத்திரமாய்.

"மூடிக்கலாம். அப்புறம் அவனை நல்ல பௌலர்னு நான் எந்த வாயால ஓய் சொல்றது?" அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்று கேட்கத்தான் மறுநாள் பத்மநாபசுவாமி சன்னதிக்குப் போனேன். கேட்க நாக்கு எழவில்லை. அந்த மனுஷரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.