கூரைக்குக் கீழே ஒருத்தி

கணவனை விட்டு வந்தவள் புதுவீட்டில் பால் காய்ச்சக்கூடாதாம். வெக்ஸ்போர்ட்டில் என் உழைப்பில் நான் வாங்கிய சின்னக் கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்குத்தான் இந்தச் சட்டம். குடிபூரலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி தொலைபேசியில் அழைத்தார்.

“குறை நினையாதை. கொண்ணரும் நானும் சோடியாய் வந்து காய்ச்சுறம். நீ தனியச் செய்தால் வீடு விளங்காது.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் “ஓம்” என்று சொல்லித் தொலைத்தேன். பழக்கதோஷம்.

மறுநாள் பிஸ்கட் தொழிற்சாலையில், என் பக்கத்தில் நின்று பெட்டி கட்டும் சீனத்துத் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்களுக்குப் பொதுவானது அரைகுறை ஆங்கிலம்தான். மதிய இடைவேளையில் அவள் சுவரில் பல மொழிகளில் இருந்த பாதுகாப்பு அறிவிப்பைக் காட்டினாள். ஏழு வருடமாக அதைக் கடந்து போகிறேன், அதிலிருந்த முதல் சீன எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு வெற்று அட்டையில் அதை மார்க்கரால் பெரிதாக எழுதினாள். மேலே கூரை, கீழே ஒரு பெண். ஆதியில் கால் மடித்து அமர்ந்த பெண்ணின் படமாகவே வரைந்தார்களாம். போகப்போகக் கோடுகளாகச் சுருங்கிவிட்டது. ‘ஆன்’ என்று வாசிக்க வேண்டும். அமைதி, பாதுகாப்பு என்று பொருள். காலை வணக்கத்திலும் அதைச் சேர்த்துச் சொல்வார்களாம்.

“பெண் வீட்டோடு கிடந்தால் ஆணுக்கு நிம்மதி என்றுதான் எங்கள் பெரியவர்கள் விளக்குவார்கள்” என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அங்கேயுமா! அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன்.

“இதில் ஆண் எங்கே?”

அவளும் குனிந்து தேடினாள். இல்லவே இல்லை. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கும்வரை இருவரும் சிரித்தோம். அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

குடிபூரலன்று அண்ணா பட்டு வேட்டியிலும் அண்ணி கூறைச் சேலையிலும் வந்தார்கள். அடுப்புக்கு எதிரே சுவரில் அட்டை ஒட்டியிருந்தது. அண்ணி பால் சட்டிக்குக் கை நீட்டினார்.

“விடுங்கோ அண்ணி. என்ரை வீடு. நான்தான் காய்ச்சுவன்.”

அவர் முகம் கறுத்தது. “உதென்ன சீன எழுத்து?”

“ஒருத்தி தனிய இருந்தாலும் வீடு விளங்கும் எண்டு போட்டிருக்கு.”

அப்படியே பொருள் இல்லைதான். இருக்கட்டும்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்து, புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அண்ணா கதிரையில் ஏறி அதை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து முதல் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். அண்ணி வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

அவருடையதையும் நானே குடித்தேன்.