தாண்டிப்போன வரி

எழுபத்தொன்றில் போர் நடந்தபோது திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்தேன். டாக்டரம்மா என்று ஊர் கூப்பிட்ட ஒருவர் அடிக்கடி வருவார். டாக்டர் அவரல்ல, அவர் கணவர். எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒல்லியாக, ஈரம் காயாத தலைமுடியோடு ஓரமாக நிற்பார். கூட்டம் குறைந்ததும் கணவரின் கடிதத்தை நீட்டுவார்.

"அவரு எழுத்து புரியலீங்க. மருந்துச்சீட்டு படிக்கிற உங்களுக்குத்தான் வரும்."

கோழிக்கிறுக்கல்தான். எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டுவேன். ஒருநாள் ஒரு வரி எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

"நடுவுல ஒரு வரி உட்டுட்டீங்க" என்றார்.

கடிதம் என் கையில் இருந்தது. "உங்களுக்கே படிக்க வருமாம்மா?"

"ஆங், எல்லாம் மனப்பாடம்ங்க. நானே படிச்சா என் கொரலுதான் கேக்குது. ஆம்பள கொரல்ல கேக்கணும்னுதான் வந்துகினு இருந்தேன். அத்தப் படிங்க."

படித்தேன். "ஆபரேஷனுக்குக் கை கழுவும்போதெல்லாம் நீ பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவதுபோல் இருக்கிறது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரின் குரலிலேயே படித்துவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.