ஐம்பதாவது கட்டுரை

கடை மேசையின் இழுப்பறையில் ஒரு மஞ்சள் மார்க்கர் கிடக்கிறது. மை காய்ந்து வருடங்களாகின்றன. முதலாளி இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டார். இரண்டு முறையும் எடுத்து வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது என் சுபாவம். அதனால் ஒருவருக்கு வந்த கெடுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் போட்டோக் கொப்பிக் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளை உருவம் பார்த்து அடையாளம் காண்பேன், பொருள் தெரியாது. அதுவே போதும் என்று, கடைக்கு வழக்கமாக வரும் மிஸ் ஒருவர் எனக்கு ஒரு வேலை தந்தார். அவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். முகத்துவாரத்துச் சேற்று நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்.

பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு, அவருடைய ஆராய்ச்சியை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுதிய கட்டுரைகள் ஐம்பது வேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தையும், அவர் பெயர் வரும் பக்கத்தையும் பிரதி எடுத்து, பெயரின்மேல் மஞ்சள் பூசிக் கட்ட வேண்டும். தன் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தன் மஞ்சள் மார்க்கரோடு தந்தார்.

“எழுதின ஆக்களின்ர பேரோட என்ர பேரும் மேல கிடந்தா, அதைத் தள்ளி வையுங்கோ தம்பி. எங்களை நாங்களே புகழ்ந்தா ஊர் ஏத்துக்கொள்ளுமே?” என்றார். பிறகு ஒரு தாளைப் பார்த்துச் சிரித்தார். “இவர் நான் எழுதினது முழுப் பிழையெண்டு எழுதியிருக்கிறார். இதுக்கும் பூசுங்கோ. ஏச்சும் கணக்கில ஒண்டுதான்.”

“என்ன ஐசே, தாளுக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு விழாவோ?” என்று முதலாளி பகிடி பண்ணினார்.

விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாள். நான்கு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். மூன்று மணிக்கு மிஸ் கடை வாசலில் ஓட்டோவை நிற்க வைத்துவிட்டு, மணிக்கூட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பதாவது கட்டுரையைத் துளையிட எடுத்தேன். எழுதியவர்களின் பெயர்கள் முதல் வரியில் அடங்காமல் இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்தன. அதன் கடைசியில், சின்ன எழுத்தில், அவர் பெயர். என் விரல் அதன்மேல் நின்றுவிட்டது.

“ஐம்பதும் சரியே தம்பி?”

இத்தனை படித்தவர் பொறுக்கிக் கொண்டுவந்ததில் நான் பிழை சொல்வதா? நான்தான் எதையோ மாற்றி விளங்கியிருப்பேன் என்று நினைத்தேன். “ஓம் மிஸ்” என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் விண்ணப்பம் திரும்பி வந்தது. சொந்தக் கட்டுரையை மற்றவர் எழுதியதாகக் காட்டினார் என்று குற்றம் சொல்லியிருந்தார்கள். கள்ளக் கணக்கு என்று கூட வேலை செய்பவர்களே கதைத்தார்களாம். அடுத்த வருடம் புதிய கட்டோடும் அதே மார்க்கரோடும் வந்தபோது மிஸ் மெலிந்திருந்தார்.

“என்னிலதான் பிழை. அந்த வெளிநாட்டு ஆக்களுக்கு நண்டு பிடிச்சு அனுப்பினனான். அதுக்காக என்ர பேரையும் கடைசியில போட்டிருக்கினம். மறந்தே போனன்.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “மிஸ், நான் அண்டைக்கே கண்டனான்.”

“எப்ப?”

“கட்டிக் குடுக்கேக்க.”

“பிறகேன் சொல்லேல்ல?”

வாசலில் நின்ற ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். “இந்த முறை கண்டாச் சொல்லுங்கோ.”

கண்டேன். இரண்டு கட்டுரைகளில் ஒரே நண்டுப் படம், இடப்பக்கக் கால் ஒன்று உடைந்த நண்டு. தலைப்பு வேறு, எழுதியவர்களின் பெயர்கள் ஒன்று. ஒரே கட்டுரையை இரண்டு சஞ்சிகைகளில் போட்டிருந்தார்கள். மொத்தம் சரியாக ஐம்பது இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “மிஸ், இது அதுதான்” என்றேன்.

மிஸ் இரண்டு படங்களையும் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றை உருவி எடுத்தார். “நாப்பத்தொன்பது” என்றார். மார்க்கரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று குறைந்ததால் அந்த வருடம் அவர் விண்ணப்பிக்கவில்லை. அதற்கடுத்த வருடம் ஓய்வு வயது வந்துவிட்டது. சொல்லாமல் இருந்ததும் நான், சொன்னதும் நான். இரண்டுமே அவருக்கு நல்லதாக முடியவில்லை.

போன மாதம் ஓய்வூதியப் படிவத்தைப் பிரதி எடுக்க வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. பிரதி எடுக்கும் முன் தாளை என்னிடம் நீட்டி, “ஒருக்காப் பாருங்கோ தம்பி, பிழை கிடந்தாச் சொல்லுங்கோ” என்றார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். மிஸ் அசையவில்லை.

“ஒண்டும் இல்ல மிஸ்.”

சில்லறை எடுக்க நான் இழுப்பறையைத் திறந்தபோது மிஸ் மார்க்கரைக் கண்டுவிட்டார். “காய்ஞ்சு போச்சே?”

“ஓம் மிஸ்.”

மீதியை எண்ணிப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார்.