நான் பிரிண்ட் போட்ட டூப்ளிகேட் கீ

ரோபோ நகர்ந்தபோது ஷகிலா வேலிக்கு உள்ளே இருந்தாள். நான் பத்தடி தள்ளி, கையில் டீ கப்போடு நின்றிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்பு ஃபிரேம் செய்கிற கம்பெனி எங்களுடையது. வெல்டிங் செய்வது ரோபோ. அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு. ஷகிலா பழவேற்காட்டுப் பெண், அந்த லைனுக்கு ஆபரேட்டர். காலை நாஷ்டா முடிந்து எல்லோரும் அப்போதுதான் வந்திருந்தோம். ரோபோ பாதி வேலையில் அசையாமல் நின்றது. ஃபிரேம் பீஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரில் வெல்டிங் பொறியின் துகள் படிந்துவிட்டது. அவள் கதவைத் திறந்து உள்ளே போய்த் துணியால் சென்சாரைத் துடைத்தாள். துடைத்ததும் சிக்னல் கிடைத்தது. ரோபோ விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்தது.

"ஷகிலா! குனி!"

கத்திக்கொண்டே ஓடி எமர்ஜென்சி பட்டனை உள்ளங்கையால் அடித்தேன். ரோபோ நின்றபோது, வெல்டிங் டார்ச்சின் முனை அவளுடைய காக்கிக் கோட்டைத் தோள்பட்டையில் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது. தோலில் ஒரு கீறல். இன்னும் நான்கு விரல் தள்ளியிருந்தால் கழுத்து.

வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தோம். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கதவத் தொறந்தா ரோபோ நின்னுடும்னு நீங்கதானேணா ட்ரெயினிங்ல சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். ஏன் நிற்கவில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து என் ஸ்மார்ட் வாட்ச் அதிர்ந்தது. இதயத்துடிப்பு நூற்று நாற்பத்தெட்டாம். உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டது, சனியன்.

டெமோ அண்ணன்

கம்பெனியில் என் பெயர் டெமோ அண்ணன். மெயின்டெனன்ஸில் இருபத்தாறு வருஷம். சந்தைக்குப் புதிதாக எது வந்தாலும் என் கைக்கு வந்துவிடும், கேன்டீனில் டெமோ காட்டிவிடுவேன். மடக்கும் போன் வீண் பெருமை, ஒரு கோடைக்குத் தாங்காது. கேமரா வைத்த கண்ணாடி நம் தூசிக்கு ஆகாது. ஏஐ வேலையைப் பிடுங்கிவிடும் என்று பையன்கள் பயந்தால் சிரிப்பேன். இதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஆரணியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவேன்.

அந்த மாடியில்தான் 3டி பிரிண்டர் வாங்கி வைத்தேன். வாங்கிய புதிதில் கைக்கு நமைச்சல். எதையாவது பிரிண்ட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ரோபோ வேலியின் கதவில் ஒரு இரும்பு நாக்கு இருக்கும், கீ என்போம். கதவை மூடினால் அது ஸ்விட்ச்சுக்குள் போய் உட்காரும். திறந்தால் வெளியே வந்துவிடும், ரோபோ நின்றுவிடும். இதுதான் இன்டர்லாக். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தடவை நின்றால் ரீசெட் போட்டு, ரோபோவை ஆரம்ப இடமான ஹோம் பொசிஷனுக்குக் கொண்டுவந்து ஓட்டுவதற்குப் பத்து நிமிடம் போய்விடும். சூப்பர்வைசர் பாஸ்கர் தினமும் என்னைப் பார்த்துத்தான் கத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாக்கை அளந்து, வரைந்து, பச்சைப் பிளாஸ்டிக்கில் அதே மாதிரி ஒன்று பிரிண்ட் போட்டேன். ஸ்விட்ச்சில் சொருகினேன். கதவு விரியத் திறந்திருந்தது, ரோபோவோ மூடியிருக்கிறது என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

"டெமோ, நீ ஆளே வேற! இனிமே டார்கெட்டப் பத்திக் கவலயே இல்ல," என்றார் பாஸ்கர். கேன்டீனில் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழுது பார்க்கும்போது மட்டும் சொருகுவது, முடிந்ததும் எடுத்துவிடுவது என்று பேச்சு. ஒரு வாரம் அப்படி நடந்தது. அப்புறம் யார் எடுத்தார்கள்? அது ஸ்விட்ச்சிலேயே கிடந்தது, கதவை முழுதாக மூடாமல் சும்மா சாத்திவைத்தார்கள். நானும் தினம் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். ஷகிலா மாதிரிப் புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பாஸ்கர் சொன்னது

ஷகிலா தப்பிய அன்றே ஸ்விட்ச்சிலிருந்து கீயைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். பாஸ்கர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. கோட்டு கிழிஞ்சிது, அவ்ளோதான். ரிடையர் ஆவ உனுக்கு ரெண்டு வருஷம் கீது. வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் கீ என் பாக்கெட்டில் மட்டும் இல்லையே. ஏழு மாதம் முன்பு, பெருமை தாங்காமல் அந்த டிசைன் ஃபைலை எங்கள் மெயின்டெனன்ஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். மீஞ்சூரிலிருந்து ஊத்துக்கோட்டை வரை எத்தனையோ கம்பெனிக்காரர்கள் அதில் இருக்கிறார்கள். அன்று எனக்கு விழுந்த கைதட்டல் படங்களை எண்ணி ரசித்தவன் நான். இப்போது ஒவ்வொன்றும் ஒரு திறந்த கதவாகத் தெரிந்தது. அழிக்கப் பார்த்தேன். கெடு தாண்டிவிட்டதால் எல்லோருக்குமாக அழிக்க முடியவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தேன். எந்த வேலிக்குள் எவன் நிற்கிறானோ! மூன்றாம் நாள் என் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி குரூப்பில் எழுதினேன். கீயை எடுத்து உடைத்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். மதியத்துக்குள் அது எங்கள் மேனேஜர் போனுக்குப் போய்விட்டது. சாயங்காலமே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான்.

வந்த பதில்

குரூப்பில் சிலர் கும்பிடு போட்டார்கள். சிலர் படித்ததோடு சரி. மறுநாள் காலை, அறிமுகம் இல்லாத ஒருவனிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: "அண்ணா, நம்ம கீ ஒடஞ்சி போச்சி. ஃபைலு ஓப்பன் ஆவல. இன்னொரு தபா அனுப்புங்க."

உடனே அவனுக்கு போன் போட்டேன்.

"நான் எழுதினத படிச்சியாப்பா?"

"படிச்சேண்ணா. எங்க ஆளுங்க உசாரா இருப்பாங்க. கீ இல்லாம ஒரே பேஜாரா கீது."

"உள்ள போறது யாரு?"

"நான்தாண்ணா."

"ஊட்ல யாரு கீறாங்க?"

"சம்சாரம், ஒரு பொண்ணு. இன்னாத்துக்குணா கேக்கறீங்க?"

"உன் சம்சாரம் நம்பர அனுப்பு. ஃபைல் அனுப்பறேன். உனுக்கு எதுனா ஆச்சின்னா உங்க கம்பெனிக்காரன் கோட்டு கிழிஞ்சிதுன்னு சொல்லுவான். கீ என்னுது. நான்தான அவங்களுக்கு போன் பண்ணி சொல்லணும்?"



"வாணாண்ணா," என்றான். "ஃபைலு வாணா."

தம்பிகளே, எதையாவது செய்து நாலு பேருக்கு அனுப்பும் முன், அவர்கள் வீட்டுக்கு இப்படி ஒரு போன் உங்களால் பண்ண முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைல் வேண்டும் என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். கீ உடையாமல் வைத்திருப்பவர்கள் எதற்கு என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?