மாய் ஃபாரிராய் கேட்ட கேள்வி

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. ஹராரேயில் அமைதிப்படைக்கு ஆள் பழக்கும் பயிற்சிக்கூடத்தில் கிராமத் தலைவராக நடித்துச் சாப்பிடுகிறவன் நான். லெசோத்தோ, மலாவி, எங்கள் நாடு என்று எல்லா ஊர்ப் போலீசும் பட்டாளமும் வருவார்கள். அவர்கள் அகதிகளிடம் பேசிப் பழக வேண்டும்; அந்த அகதிகள் நாங்கள்தான்.

எங்களில் கெட்டிக்காரி மாய் ஃபாரிராய், அதாவது ஃபாரிராயின் அம்மா. அந்தப் பையனை ஒரு தேர்தல் சமயத்தில் சாதா உடையில் வந்தவர்கள் வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். செத்தவனாக நினைத்துச் சடங்கு செய்துவிடலாம் என்று சொன்ன உறவுக்காரர்களை அவள் வாசலோடு விரட்டிவிட்டாள்.

நடிப்பில் அவளுக்கு வேறு பெயர், வேறு குலம். குரங்குக் குலத்து மாய் சிப்போ, காணாமல் போன மகனைத் தேடும் அகதி என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள்.

அன்று அவள் முன்னால் வந்தவர் எங்கள் நாட்டுப் போலீஸ்காரர் முசெகிவா. தொப்பியைக் கழற்றினார், தரையில் குந்தினார், உள்ளங்கைகளை மெல்லத் தட்டி வணங்கினார். அதிவிநயம் தூர்த்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சௌக்கியமா இருக்கீங்களா, சிஹேரா?"

மான் குலத்துப் பெண்ணைத்தான் அப்படி அழைப்போம். மாய் ஃபாரிராய் நிஜத்தில் மான் குலம்தான்; அங்கே அது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அட்டையில் இருந்தது குரங்கு.

"என் குலம் உனக்கு எப்படித் தெரியும், தம்பி?"

"யாரோ... சொன்னாங்கம்மா."

"புளுகாதே. இங்க நம்ம தலைவரைத் தவிர எவனுக்கும் அது தெரியாது. 'சிஹேரா, கதவைத் திறக்காதே'ன்னு என் பையனை இழுத்துட்டுப் போன அன்னைக்கு மாமியார் கத்தினா. வெளியில நின்னவனுங்க காதுல அது விழுந்திருக்கும்."

சுற்றி நின்றவர்களுக்கு இது நடிப்பு. "அம்மா பிச்சு உதறுதுப்பா!" என்றார் ஒரு மலாவிக்காரர். அவரை அறைந்தால் என்ன என்றிருந்தது எனக்கு.

"என் பையன் எங்கே?"

'விசாரித்துச் சொல்கிறேன்' என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுத்த பதில். முசெகிவா அதை விட்டுவிட்டார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே தேடாதீங்கம்மா."

பயிற்சி நடத்திய சாம்பியாக்கார அம்மா, மேஜர் சிலுங்வே, விசில் ஊதினார். "பெத்தவகிட்ட இப்படியா பேசுறது? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. முதல்லேருந்து வாங்க!"

மாய் ஃபாரிராய் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அவரைத் திட்டாதீங்க மேடம். இத்தனை வருஷத்துல எங்கிட்ட உண்மையைச் சொன்ன போலீசு இவர் ஒருத்தர்தான்."